மறைக்கச் சொன்ன மாத்திரை

வட்டவளை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் மெரினாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், நீ சுகமா என்று வழக்கம்போல் ஒப்புக்குக் கேட்கவில்லையம்மா, இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன். இங்கே விடாத மழை, தேயிலைக் கொழுந்து குறைவு, அப்பாவுக்கு இருமல் கொஞ்சம் தணிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் "அம்மா பாருங்க, எட்டு கிலோ கொறஞ்சிட்டேன்" என்று சிரித்தாயே, எனக்கு உன் உதட்டில் பல் பட்ட காயம்தான் தெரிந்தது. கேட்டால் பாத்ரூமில் வழுக்கியது என்கிறாய். பத்து வயதிலிருந்து உன் வலிப்பைப் பார்த்தவளிடமா இந்தக் கதை?

மறுநாள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாமல், நீ அனுப்பிய மெலிகிற மாத்திரைப் பெட்டியின் படத்தை டிக்கோயா ஆஸ்பத்திரி டொக்டரம்மாவிடம் காட்டினேன். "இது சாப்பாட்டுக் கொழுப்ப வெளிய தள்ளுற மருந்தும்மா. சில பேருக்கு வலிப்பு மாத்திரையையும் ஒடம்புல சேர விடாது, திரும்ப வலிப்பு வரலாம். வலிப்பு இருக்குன்னு கடையில ஒங்க மக சொல்லலையா?" என்று கேட்டார். எப்படிச் சொல்லுவாய்? வலிப்பு வெளியே தெரிந்தால் கல்யாணம் நடக்காது, அந்த மாத்திரையை யார் கேட்டாலும் சத்து மாத்திரை என்று சொல்லு என்று பொய் சொல்லிக் கொடுத்தவளே நான்தானே. இப்போது மாப்பிள்ளை வீட்டில் குண்டு என்று ஒரு வார்த்தை சொன்னார்கள் என்று இதையும் சேர்த்து விழுங்கியிருக்கிறாய். பாவி நான், என்னை மன்னித்துக்கொள் தங்கம்.

அந்த மெலிகிற மாத்திரையை இந்தக் கடிதம் கண்டதுமே நிறுத்து. வலிப்பு மாத்திரையை மட்டும் ஒரு வேளையும் விடாதே, அங்கே டொக்டரிடம் இரண்டையும் காட்டி ஒளிக்காமல் சொல். போனில் பேசினால் ரூம் பிள்ளைகளுக்குக் கேட்கும், போனில் எழுதினால் அவர்கள் கண்ணில் படும் என்று பயப்படுவாய், அதனால்தான் நாளைக்கு துபாய்க்குத் திரும்புகிற செல்லசாமி மகள் நிஷாந்தியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே, அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், டொக்டரிடம் உன்னைக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டாமா? அவள் முகத்தைச் சுளிப்பாள் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அண்ணனுக்கும் இருக்கு பெரியம்மா, நாங்களும் யார்கிட்டயும் சொல்லல" என்றது. ரெண்டு லய வரிசை தள்ளித்தான் அவர்கள் வீடு, மெரினா. இத்தனை வருஷமாக அவள் அம்மாவும் நானும் ஒரே நிரையில் கொழுந்து பறிக்கிறோம்.

மாதா உனக்குத் துணை நிற்கட்டும். டொக்டரைப் பார்த்ததும் அம்மாவுக்குப் போன் எடு, யாருக்குக் கேட்டாலும் கேட்கட்டும்.

உன் அம்மா,
மரியநாயகி