தாத்தாவுக்கு ஏது பூட்ஸ்?

அக்டோபர் 5, 2025

பரண் சுத்தம் செய்தேன். அப்பாவின் பழைய பேக்டரி ஷூவைத் தூக்கிப் போடலாம் என்று எடுத்தால், கட்டிலில் இருந்தபடியே ஒரு சத்தம். "அது உன்ன இன்னா பண்ணிச்சு? வெயி அங்கியே."

ஆவடி பேக்டரியில் ரிட்டயர் ஆகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எழுந்து நிற்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஷூ எதற்கு? கேட்டால் சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. சாயங்காலம் வரை முறைத்துக்கொண்டே கிடந்தோம்.

அக்டோபர் 9

இனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வர வேண்டாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? திரும்பும்போது பஸ்ஸில் கரையான்சாவடியில் இறங்க வேண்டியவள், நசரத்பேட்டையில் போய் இறங்கினேன்.

அப்பா கேட்பது ஒன்றுதான். "என்ன எங்க நைனா குழியிலதான் வெக்கணும்."

அக்டோபர் 12

தூக்கம் வரவில்லை, எழுதியாவது வைக்கிறேன். யுத்த காலத்தில் தாத்தா சவரிமுத்து வெள்ளானூர் பக்கம் வயலில் கூலி வேலை. பயிற்சிக்குப் பறந்த குண்டுவீச்சு விமானம் ஒன்று அங்கே விழுந்தது. உள்ளே நாலு வெள்ளைக்காரப் பையன்கள். சண்டைக்குப் போகக்கூட இல்லை, குண்டு போடப் பழகிக்கொண்டிருந்தவர்கள். தாத்தா இழுத்துப் போட ஓடினார். பெட்ரோல் வெடித்தது. அஞ்சு பேரும் போனார்கள். சாக்கில் சுற்றி, நம் மாதா கோயில் கல்லறையில் ஒரே வரிசையில் புதைத்தார்கள்.

அப்பாவுக்கு அப்போது இரண்டு வயசு. பத்து வயசில், பட்டாள லாரி வந்து நாலு பேரைத் தோண்டி நந்தம்பாக்கம் யுத்தக் கல்லறைக்கு எடுத்துப் போனதை நேரில் பார்த்திருக்கிறார். மிச்சமிருந்த ஒரு குழி தாத்தாவுடையது. பிறகு அப்பாவின் அம்மா வேறு கல்யாணம் செய்துகொண்டு போய் அந்த ஊரிலேயே அடங்கினாள். அப்பாவுக்கு அப்பன் என்று இருப்பது அந்த மண்மேடுதான்.

கல்லறையில் இப்போது புது இடம் தருவதில்லை. சொந்தக் குழி இருந்தால் அதையே திறந்து வைக்கலாம். இல்லாதவர்கள் பாடு திண்டாட்டம்.

அக்டோபர் 18



கல்லறைத் திருநாளுக்கு முன்னால் குழியைத் திறந்து, உள்ளே செங்கல் கட்டித் தயாராக வைத்துவிடலாம் என்று தம்பி பிராங்க்தான் ஏற்பாடு செய்தான். குழி வெட்டும் உத்தமன் போன் பண்ணினான். "யக்கா, உங்க தாத்தா பட்டாளத்துல இருந்தாரா?"

போய்ப் பார்த்தேன். எலும்பு. அதன் கால்மாட்டில் இரண்டு பூட்ஸ். ரப்பர் அடி அப்படியே இருக்கிறது.

தாத்தாவுக்கு ஏது பூட்ஸ்? கல்யாணத்துக்கே வெறுங்காலோடு நின்ற மனுஷன்!

அக்டோபர் 19

உத்தமன் எல்லாவற்றையும் இருந்தபடி வைத்து மண்ணைத் தள்ளிவிட்டான். பிராங்க் சொல்கிறான்: "யக்கா, வாய மூடிகினு இரு. நம்ம கோயில் சாமியாருக்குத் தெரிஞ்சா குழி போச்சு. அப்பறம் அப்பாவ எங்க வெப்ப, பால்கனியிலயா?"

அவன் சொல்வதும் சரிதான். ஆனால் இத்தனை வருஷம் யாருக்கு மாலை போட்டோம்? நந்தம்பாக்கத்தில் தாத்தா எந்த வெள்ளைக்காரன் பேருக்கடியில் படுத்திருக்கிறார்? அப்பாவிடம் சொல்வதா, ஏமாற்றி அனுப்புவதா?

அக்டோபர் 23

சாம்பாரில் இரண்டு தடவை உப்பு. அப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அக்டோபர் 27

சும்மா கேட்பதுபோல் கேட்டேன். லாரி வந்த அன்று, இதுதான் தாத்தா குழி என்று யார் காட்டினது?

"எங்கம்மாதான். கடைசிக் குழின்னாங்க. அதுக்குள்ள கல்லற வாசலை ரோட்டுப் பக்கம் மாத்திட்டாங்க. கொஞ்ச நேரம் இப்டியும் அப்டியும் பாத்துட்டுதான் கை காட்டினாங்க."

வாசல் மாறினால் எது முதல், எது கடைசி? ஐயோ.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். அப்பாவை வீல்சேரில் கூட்டிப் போனோம். மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றினதும் அப்பா குனிந்து சொன்னார்: "நைனா, சீக்கிரம் வந்துர்றேன். கொஞ்சம் நவுந்து படு."

என்னால் முடியவில்லை. அங்கேயே சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

"அப்ப யாரு இவன்?"

"நாலு பேர்ல ஒருத்தன். யாருன்னு தெரியாதுப்பா."

"போலாம்" என்றார்.

நவம்பர் 3

அப்பா சாப்பிடவில்லை. பிராங்க் போனில் கத்திவிட்டு வைத்தான். ஏன்டி சொன்னே? சாகப்போற மனுஷன்கிட்ட போய் ஏன் சொன்னே? என்னை நானே கேட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன்.

நவம்பர் 5

காலையில் கஞ்சி கேட்டார். குடித்துவிட்டு, "பாப்பா, அந்தப் பையனுக்கு இன்னா வயசு இருக்கும்?"

"இருபது, இருபத்தொண்ணு."

"எங்க நைனாவுக்குப் போட்ட மாலையெல்லாம் அவன்தான வாங்கினான். நான் அழுததெல்லாம் அவன்தான் கேட்டுகினு இருந்தான். அவன் கூடவே என்ன வெயி."

பட்டாளத்துக்காரர்களிடம் சொல்ல வேண்டாமா என்றேன்.

"அங்க அவன் பேர்ல கல்லு கீது. அவங்க அம்மா அத நெனச்சி அழுது, கண்ண மூடியிருப்பா. இப்ப யாராண்ட போயி இன்னா சொல்லுவ? நீ எங்க நைனாவ மட்டும் ஒருவாட்டி போய்ப் பாரு."

கொஞ்ச நேரம் கழித்து, "பரண்ல ஷூ கீதில்ல? பாலிஷ் போட்டு வெயி. அவன் பூட்ஸோட கீறான். நான் வெறுங்காலோட போனா நல்லாவா இருக்கும்?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, இருமித் தொலைத்தேன்.

நவம்பர் 21

அப்பா போய்விட்டார்.

நவம்பர் 23

அப்பாவுக்குப் போட்ட கோட்டு சூட்டுக்கு இந்தப் பழைய ஷூவா என்று சித்தி கேட்டாள். பிராங்க் குனிந்து உட்கார்ந்து அவனே லேஸ் கட்டினான். இரண்டு முடிச்சு போட்டான், சின்ன வயசில் அப்பா அவனுக்குப் போட்டு அனுப்பும் மாதிரி. உத்தமன் பூட்ஸ்காரனை ஓரமாகச் சேர்த்து இடம் பண்ணியிருந்தான்.

டிசம்பர் 7

நந்தம்பாக்கம் போனேன். ஒரே தேதி போட்ட நாலு கல், பக்கத்துப் பக்கத்தில். எது தாத்தா? செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு புல்லில் நடந்தேன். நாலுக்கும் மெழுகுவத்தி வைத்தேன்.

தோட்டக்காரர் வந்தார். "இவங்க உங்களுக்கு இன்னா ஒறவும்மா?"

"எங்க தாத்தா."

கல்லில் இருந்த பேர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்தக் கல்லு?"

"அதாண்ணா தெரியல."

காற்றில் இரண்டு அணைந்துவிட்டன. என் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கி அவரே ஏற்றினார்.