மறுபக்கத்தில் ஒரு வெண்பா

அன்பு மகளே,

நீ எழும்போது நான் வங்கியில் இருப்பேன். சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், சுடவைத்து உண். சாவி செருப்பு அலமாரியின் மேல் இருக்கிறது.

"உனக்குக் காசுதான் பெருசு, சிநேகம்னா என்னன்னு தெரியுமா?" என்று நேற்று உன்னைக் கேட்டது என் நெஞ்சை உறுத்துகிறது. மருத்துவமனையில் கிடப்பதாகவும் உடனே பணம் வேண்டுமென்றும் முகநூலில் என் நண்பன் பெயரில் கெஞ்சியவனை அப்படியே நம்பினேன். நீதான், "ரெண்டு பேரும் தினம் பாட்டுலதானேப்பா பேசிக்குவீங்க? முதல் அடியை அனுப்புங்க. அடுத்த அடி வந்தா நானே பணம் போடுறேன்" என்றாய். அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

என் கண் அறுவை சிகிச்சைக்கான பணம் உன்னால் பிழைத்தது.

நீ உண்பதையெல்லாம் படம்பிடித்துப் போடுவதை ஏளனம் செய்தவன் நான். வைப்புநிதி கைக்கு வந்த அன்று, இறைவனுக்கு நன்றிப்பா எழுதித் தொகையோடு அதே முகநூலில் இட்டவனும் நானே. இறைவனுக்கு முன்பே திருடன் படித்துவிட்டான்!

என் கணக்கில் பணம் எடுத்தால் உன் கைப்பேசிக்கும் செய்தி வர வேண்டுமென்று கேட்டாயே, அதற்குத்தான் எழுதிக் கொடுக்கப் போகிறேன். இனி அதை அவமதிப்பாக எண்ண மாட்டேன்.

அப்பா

பி.கு.: நண்பனிடம் சொன்னேன். "பாட்டுக்குக் கட்டைவிரல் காட்டுறவனையா நான்னு நினைச்சே?" என்று வயிறு குலுங்கச் சிரித்தான். மாலையில் உன்னைப் பார்க்க வருகிறான்.

இன்னொன்று: உனக்கு நன்றி சொல்லி ஒரு வெண்பா எழுதினேன். எங்கும் பதிவிடவில்லை. தாளைத் திருப்பிப் பார்.