மாலை கழற்றிய மத்தியானம்

மாப்ள,

இன்று காலை மில்லில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது, பழனிக்கு நடந்து போய்விட்டு வந்த ஒருத்தன் என் கையில் பஞ்சாமிர்த டப்பாவைத் திணித்தான். மூடியைத் திறந்தேன். வாழைப்பழமும் நெய்யும் ஏலக்காயும் கலந்த அந்த வாசனை வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியை அழுத்தி மூடினேன். பிரசாதத்தைப் பார்த்து முகத்தைத் திருப்புகிறாயே, நீயெல்லாம் மனுஷனா என்று என் மேலேயே கோபம் வந்தது. நீ போய் நாலு வருஷம் ஆகிறது. தைப்பூசம் வந்தாலே எனக்கு இப்படித்தான்.

அந்த வருஷம் நம் செட்டில் நாலு பேரும் மாலை போட்டோம். நாற்பத்தெட்டு நாள் பச்சை வேட்டி, விடியற்காலையில் குளியல், ஒருத்தரை ஒருத்தர் 'சாமி, சாமி' என்று கூப்பிடுவது. வார லீவு விட்டால் கடையில் மூக்கு முட்டக் குடித்துவிட்டு ரோட்டில் கிடந்த நம்மைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது. டீ கிளாசைப் பிடிக்கும்போது உன் கையில் இருந்த நடுக்கம்கூட நின்றுவிட்டது. உங்க அம்மாவுக்குக் கொள்ளைச் சந்தோஷம். "எம்புள்ள முகத்துல களை வந்திருக்கு பாத்தியா அப்பு? இந்தச் சூட்டோட ஒரு பொண்ணப் பாத்துறணும்" என்று என்னிடம் சொன்னார்.

பழனிக்கு நடந்து ஒட்டன்சத்திரம் தாண்டும்போது காலெல்லாம் கொப்புளம். நீ நொண்டிக்கொண்டே என்னைக் கேலி பண்ணினாய். "ஏலே மூடி, ஒன்னையத் தூக்கிக்கிறவா?" ஒரு பாட்டில் மூடி அளவு உள்ளே போனாலே உளறுவேன் என்று நீ எனக்கு வைத்த பெயர். மாலை போட்டும் அதை நீ விடவில்லை.

ஆனால் நம் பக்கத்து இளவட்டங்களுக்கு ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டே, மாப்ள. மாலை கழற்றுகிற அன்றைக்கு, விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்துக் குடிப்பது. மலையை விட்டு இறங்கும்போதே, "நாப்பத்தெட்டு நாளுக்கும் சேத்து நாளைக்கு ஒரே புடியாப் புடிக்கணும்டா" என்று ஆரம்பித்து வைத்தவன் நான்தான்.

மறுநாள் உங்க அம்மா தன் கையால் உன் மாலையைக் கழற்றி முருகன் படத்தில் மாட்டினார். அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "சாப்டுட்டுப் போடா" என்றார். "செத்த நேரத்துல வந்துர்றேம்மா" என்று வெறும் வயிற்றோடு என் வண்டியில் ஏறினாய்.

நாம் குடிக்கப் போன தென்னந்தோப்பு உன் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். முதல் டம்ளரிலேயே உன் முகம் சுருங்கியது. "போதும்டா, ஒரு மாதிரியா இருக்கு" என்றாய். அத்தோடு விட்டிருக்கலாம். "என்ன சாமி, நெசமாவே சாமியாராயிட்டீங்களா?" என்று கைதட்டிச் சிரித்தேன். நீ ரோஷக்காரன். தண்ணீர்கூடக் கலக்காமல் மடமடவென்று இறக்கினாய். மறுபடி ஊற்றிக் கொடுத்ததும் நான்தான்.

நீ சரிந்தபோது உன் உயிரைப் பற்றி யாருக்கும் பயமே வரவில்லை. மட்டையானவன் தூங்கி எழுந்தால் தெளிந்துவிடுவான் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். மல்லாக்கப் படுக்க வைத்தோம். வாயில் மோரை ஊற்றினோம். நெஞ்சில் ஈரத்துண்டைப் போட்டோம். நீ குறட்டை விட்டாய். ஒருத்தன் அதை செல்போனில் பிடித்தான், சுற்றி நின்று சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் குறட்டை நின்றது. "அப்பாடா, ஒரு வழியா நிறுத்துனான்" என்று சொல்லிவிட்டுச் சீட்டைக் கலைத்துப் போட்டேன். ஆட்டம் முடிந்து எழுப்ப வந்தபோது உன் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும்போதே உயிர் இல்லை.

"அது குறட்டை இல்லப்பா, மூச்சுக்குத் திணறியிருக்கான்" என்றார் டாக்டர். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறதாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே தூக்கி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். இத்தனை நாள் தொடாத உடம்பு பழைய அளவைத் தாங்காது என்றும் சொன்னார். அப்பா இல்லாத உன் வீட்டுக்கு எல்லாமே உன் தாய்மாமாதானே. அவர் எங்களை ஓரமாக இழுத்துப் போய், "அக்காகிட்ட இதெல்லாம் மூச்சு விடக் கூடாது. நடந்த களைப்புல நெஞ்சடைச்சிருச்சு, அம்புட்டுத்தான்" என்றார். எனக்கு வசதியாகப் போயிற்று. தலையாட்டினேன்.

அந்தப் பொய் என்ன பண்ணியது தெரியுமா? "ஒன்னையப் பாக்க நடந்து வந்த புள்ளைய இப்படிப் பண்ணிட்டியே, முருகா" என்று உங்க அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். படத்தை எடுத்துப் பரணில் போட்டவர்தான், இன்று வரை அந்த வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. பண்ணியது நான். பழி முருகனுக்கு.

அதனால்தான் இன்று டப்பாவும் கையுமாக நேரே உன் வீட்டுக்குப் போனேன். "அத வெளிய வச்சிட்டு வாப்பு" என்றார். நான் உள்ளே போகவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்து, உன்னைக் கேலி பண்ணியது, ஊற்றிக் கொடுத்தது, குறட்டையைப் பார்த்துச் சிரித்தது, ஒன்று விடாமல் சொன்னேன். அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை.

என் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, தோப்பு இருக்கிற திசையைப் பார்த்தார். அப்புறம், "தோப்பு இந்தா இருக்கு. நான் வீட்டுலதான இருந்தேன். ஏய்யா எங்கிட்டத் தூக்கிட்டு வரல?" என்றார்.

"நீங்க திட்டுவீகன்னு பயந்துட்டோம்மா."

"திட்டியிருப்பேன். திட்டிக்கிட்டே தூக்கிட்டு ஓடியிருப்பேன்ல."

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

மாப்ள, நாளைக்கு வார லீவு. கடைக்குக் கிளம்புகிற மில் பையன்களிடம் குடிக்காதே என்றால் கேட்க மாட்டார்கள். நாம் மட்டும் கேட்டோமா? எவனாவது விழுந்தால் தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள், ஒருக்களித்துப் போடுங்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள், அவன் வீட்டுக்கு போன் போடுங்கள், ஏச்சு விழும், விழட்டும் என்று இன்று ஷிப்ட் விடும்போது மில் கேட்டில் நின்று சொல்லப் போகிறேன். எனக்கு விழ வேண்டிய ஏச்சு இன்றைக்கும் விழவில்லை, மாப்ள. அதை எப்படிச் சுமப்பது என்றுதான் தெரியவில்லை.