அம்மாவின் விசாவும் என் வோட்டும்

சனி, 8 மார்ச் 1997

ஒட்டாவாப் பாராளுமன்றத்துக்கு எங்கள் தொகுதியில் கட்சி யாரை நிறுத்துவது என்று நாளைக்கு உறுப்பினர்கள் வோட்டுப் போடுகிறோம். அத்தான் என்னைக் கேட்காமலே என்னையும் உறுப்பினராக்கிவிட்டார். போட்டியிடும் இருவரும் இன்றைக்கு ஒருவர் பின் ஒருவராக மல்வேர்னில் அக்கா, அத்தான் வீட்டுப் பேஸ்மென்டுக்கு வந்தார்கள்.

இரண்டு மெஷினை ஒப்பிடுவதென்றால் இரண்டுக்கும் ஒரே சுமை கொடுக்கவேணும். ஆகவே இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: கொழும்பில் நிற்கிற அம்மாவை இங்கே கூப்பிடப் போட்ட ஸ்பொன்சர் விசா அலுவலுக்கு என்ன செய்வீர்கள்?

முதலாமவர் வழக்கறிஞர். பொன்னாடையோடு ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு, கோடைக்குள் அம்மா இங்கே நிற்பா என்றார். அம்மாவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஆனாலும் அக்கா சந்தோசத்தில் அழுதுவிட்டாள்.

மற்றவர் ஒரு பெண், ரீச்சர். விசாவுக்கு அம்மாவின் மெடிக்கல் சோதனை எப்போது எடுத்தது என்று கேட்டா. போன வருசம் தைப்பொங்கலுக்கு முன்னம் என்றேன். "அது ஒரு வருசத்துக்குத்தான் செல்லும். திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். நான் விசாரிக்கலாம், அவசரப்படுத்த முடியாது" என்றா.

அவ போனதும் அத்தான் சிரித்தார். "ஒரு பொய் சொல்லவே தெரியேல்லை. உவ ஒட்டாவாவில போய் என்னத்தைக் கிழிக்கப்போறா?"

"அதுக்காகத்தான் உவவுக்குப் போடப்போறன், அத்தான்."

அக்கா சிரிக்கவில்லை. "அம்மா வராட்டி நீதானடா பொறுப்பு" என்றாள்.

அந்த வழக்கறிஞருக்கு உண்மையிலேயே மேலிடத்தில் ஆட்களைத் தெரிந்திருந்தால்...

தெரிந்திருந்தாலும் மெடிக்கல் காலாவதியானது காலாவதியானதுதான். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாமல் இருந்திருக்கிறது. கொழும்பில் இப்போது விடிந்திருக்கும். அம்மாவுக்கு போன் எடுக்கவேணும்.