ஜீப்புக்கு வைத்த மூக்கு

இன்று காலை நம் ஜீப்பை விலை பேச விழுப்புரத்திலிருந்து ஒருவர் வந்தார். முன்கண்ணாடி ஓரம் செங்குத்தாக நிற்கும் பிவிசி குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, புகை போற குழாய முன்னால வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. குழாயின் வாயில் நீங்கள் கட்டிய என் கேப்பைச் சல்லடை துருப்பிடித்து இன்னும் இருக்கிறது. அது புகைக்குழாய் இல்லை, இன்ஜின் மூச்சு இழுக்கிற மூக்கு என்று அவரிடம் சொன்னேன்.

எண்பதுகளின் நடுவில் அது. கல்யாணமாகி மூன்றாம் வருஷம். டீச்சர் வேலைக்குக் காத்துக் காத்துச் சலித்திருந்த எனக்கு ஒருவழியாகத் திண்டிவனத்துக்கு நேர்காணலுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பனமலையிலிருந்து பஸ்ஸை நம்பினால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஜீப்போ பத்து மைல் ஓடினாலே சூட்டில் இளைக்கும். "பானெட்டுக்குள்ள இருக்கிற அனலையே இழுத்துக்கினு இருந்தா எப்படி ஓடும்? வெளிக்காத்து குடுத்துப் பாக்கறேன்" என்றீர்கள்.

போர்வெல்லில் மிச்சமான குழாயை வறட்டி நெருப்பில் காட்டி வளைத்தீர்கள். இணைப்புகளில் சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றி, ஒரு முனையை ஏர் ஃபில்டரில் மாட்டி, மறுமுனையை பம்பருக்குக் கீழே இறக்கினீர்கள். ரோட்டில் கேப்பைக் கதிரைப் பரப்பி வண்டிகளை மிதிக்கவிடும் காலம். தூசு, உமி உள்ளே போகக்கூடாதென்று என் சல்லடையைப் பிடுங்கிக்கொண்டீர்கள். அந்த எரிச்சலிலும் கேட்டேன்: "ஏங்க, மூக்கு இவ்ளோ கீழ இருக்குதே, தண்ணியில இறங்கினா?"

"கீழதான் காத்து ஜில்லுனு இருக்கும். நாம இன்னா படகா ஓட்டப் போறோம்?"

நேர்காணலுக்கு முந்தைய நாள் ஐப்பசி மழை கொட்டியது. காலையில் வல்லம் தாண்டுவதற்குள் தரைப்பாலத்தில் முழங்கால் அளவு வெள்ளம். அதுவரை வண்டி உண்மையிலேயே பறந்தது; நீங்கள் விசிலடித்துக்கொண்டுகூட வந்தீர்கள். பாதிப் பாலத்தில் ஜீப் தண்ணீரைக் குடித்தது. ஒரே உதறல், அதோடு சரி.

நீங்கள் என் சர்டிபிகேட் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கரையேற்றி, மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிவந்த லாரியை மறித்தீர்கள். "ஜல்தியா ஏறு. வண்டியோட நான் கெடந்துக்கறேன்."

ஈரப்புடவை சொட்டச் சொட்டத்தான் கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். வேலை கிடைத்தது. சாயங்காலம் சேற்றோடு வந்து நின்ற நீங்கள், வேலை கிடைத்ததா என்று கேட்பதற்கு முன்பே சொன்னீர்கள்: "நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

தண்ணீர் குடித்ததில் வளைந்துபோன இன்ஜின் ராடை மாற்றியதும் முதல் வேலையாகக் குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றினீர்கள். அப்புறம் வீடு கட்டினபோது வாசல் எந்தப் பக்கம், மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது, எதுவானாலும் என் எதிரே உட்கார்ந்து, "மூக்க எங்க வெக்கலாம், சொல்லு" என்பீர்கள். பெரிய மனுஷி மாதிரி நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடிவிட்டது.

விலை பேச வந்தவர் தோட்டத்தில் காத்திருக்கிறார். வித்திடலாமா வேணாமா, நீயே சொல்லும்மா என்று நம் பையன் மூன்று தடவை கேட்டுவிட்டான். நீங்கள் போன பிறகு காலியாகக் கிடக்கும் உங்கள் நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அத்தனை வருஷமும் கேட்டது நீங்கள்தான். நான் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை.

ஏங்க, மூக்க எங்க வெக்கலாம்?