கொல்லைச் சுவரில் மூசாங்

அக்கா,

நேற்று தேக்கா சந்தையில் காய் வாங்கும்போது கடைக்காரர் பாண்டான் இலைக் கட்டைப் பிரித்தார். அந்த வாசம் எழுந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். மூசாங் வருவதற்கு முன் நம் கொல்லையில் எழுமே, அதே வாசம். எங்கள் ஊரில் மரநாய் என்போம். அதன் உடம்பு பாண்டான் மணக்கும் என்று எனக்குச் சொன்னது நீங்கள்தான்.

ஃபேரர் பார்க்கில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தோம். கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்த எனக்கு அப்போது இங்கே வேலை பார்க்க அனுமதியில்லை. தனியாக வெளியே போவதும் என் கணவருக்குப் பிடிக்காது. பகலெல்லாம் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பேன். நீங்களோ ஞாபகம் தப்பிய உங்கள் அம்மாவை விட்டு நகர முடியாமல் இருந்தீர்கள். ஒரு ராத்திரி மிஞ்சிய பப்பாளியை மூசாங்குக்காக நம் நடுச்சுவர்மேல் வைக்கப் போனேன். அங்கே ஏற்கெனவே உங்கள் வாழைப்பழம் இருந்தது.

"நீயும் போடுறியா? அதான் இவ்ளோ குண்டாயிடுச்சு," என்றீர்கள். பிறகு மெதுவாக, "வெளிய போக முடியாத ரெண்டு பேரு, ஊரு சுத்துற இதுக்குச் சோறு போடுறோம் லா."

அது கூரைக்குள் ஓடுகிறதென்று வீட்டு ஓனர் எங்கள் கொல்லையில் கூண்டு வைத்தார். அதைத் தொடக் கூடாது என்று என் கணவர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மறுநாள் ராத்திரியே மாட்டிக்கொண்டது. கம்பியைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தம். கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றேன்.

சுவருக்கு மேலே உங்கள் தலை தெரிந்தது. "தொறந்து விடும்மா."

"அவர் திட்டுவாருக்கா."

உங்கள் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஐம்பதைத் தாண்டிய நீங்கள் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரேறி இந்தப் பக்கம் குதித்தீர்கள். கூண்டுக் கதவைத் தூக்கினீர்கள். அது ஒரு நொடி நம்மைப் பார்த்துவிட்டு இருட்டுக்குள் பாய்ந்தது.

அந்த நேரம் பார்த்து உங்கள் அம்மா உள்ளே அழ ஆரம்பித்தார். குதித்ததில் உங்களுக்கு முழங்கால் மடங்கவில்லை. உங்கள் வாசல் கதவோ உள்ளே பூட்டியிருந்தது. "அம்மா பயந்துடும், அம்மா பயந்துடும்" என்று நீங்கள் நடுங்கியதைப் பார்த்ததும், காலிக் கூண்டின்மேல் ஏறி நானே சுவரைத் தாண்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கடி போன?" என்றார். "இங்கதாம்மா இருக்கேன்," என்று சொல்லி, சாவியைத் தேடிக் கதவைத் திறந்தேன்.

நீங்கள் எங்கள் கூடத்தின் வழியாக நொண்டிக்கொண்டு வந்தீர்கள். விழித்துக்கொண்ட என் கணவரிடம், "நான்தான் தொறந்தேன். கேக்குறதுன்னா என்னைக் கேளுங்க தம்பி," என்றீர்களாம்.

அதன்பின் சில மாலைகளில் அம்மாவோடு நான் இருந்துகொண்டு உங்களை வெளியே அனுப்பினேன். அரை மணியில் திரும்பிவிடுவீர்கள். "எங்க போறதுன்னே தெரியலம்மா. பஸ் ஸ்டாப்புல உக்காந்துட்டு வந்துட்டேன்."

அம்மாவுக்கு முன்னால் நீங்கள் போவீர்கள் என்று யாரும் நினைக்கவில்லை. சமையலறையில் விழுந்த நீங்கள் எழவே இல்லை. அம்மாவை உங்கள் தம்பி முதியோர் இல்லத்தில் சேர்த்தார். நாங்கள் பொங்கோலில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். இந்த உயரத்துக்கு எதுவும் ஏறி வராது.

இப்போது எனக்கு வேலை இருக்கிறது. ஆனாலும் ஆபீஸ் முடிந்ததும் போன் அடிக்க ஆரம்பித்துவிடும், எங்கே இருக்கிறாய் என்று கேட்பார் என் கணவர். சில நாள் அதைப் பைக்குள் போட்டுவிட்டு ஃபேரர் பார்க்கில் இறங்கி நடக்கிறேன். எங்கே போவதென்று எனக்கும் தெரிவதில்லை. அரை மணியில் மட்டும் திரும்புவதில்லை, அக்கா.