அப்பா வரும் ஜீப்புக்கு மெல்லிய பட்டைகள்

தர்ஷி,

ஜீப்பை எடுத்துக்கொண்டு அலவத்துகொடை கராஜுக்குப் போகிறேன். நாளை காலை அப்பாவைக் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்றார்கள். அதற்குள் பின் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும்.

போன முறை ஜீப்பில் ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் முனகியபோது, "அப்பா என்ன மரக்கறி மூட்டையாண்ணே?" என்று கேட்டாய். கோபப்பட்டேன். ஆனால் சந்தைக்கு மூட்டை ஏற்றத்தான் ஸ்பிரிங்கில் அந்தத் தடித்த இரும்புப் பட்டைகளைப் போட்டிருந்தேன். பாரம் இல்லாதபோது அவை வளைவதேயில்லை.

மெக்கானிக் ஹாஷிம் நானாவிடம் சொன்னேன். "தடிச்ச அஞ்சையும் கழட்டிட்டு மெல்லிசா எட்டு போடுவோம் தம்பி. மூட்டை ஏத்த ஏலாது, அப்பா நோவாம வருவார்" என்றார். சரி என்றேன்.

சோறு ஆக்கி வைத்திருக்கிறேன். அம்மாவைச் சாப்பிட வை.

அண்ணன்

கட்டிலை முன்னறையில் போடு. அவரால் படி ஏற முடியாது.

இன்னொன்று. அப்பாவின் கிளினிக் கொப்பி என் அலுமாரியில் இருக்கிறது. அம்மா கேட்டால் கொடுக்காதே. அதில் அடுத்து வரவேண்டிய திகதியை டொக்டர் எழுதவில்லை. கேட்டதற்கு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.